பழைய ரேஞ்ச் ரோவரின் எஞ்சின் கொதிப்பு: வரலாறும் காரணம் அறியும் முறையும்

ஓடும் எஞ்சினின் வெப்பநிலை அதற்கென வகுக்கப்பட்ட எல்லையைத் தாண்டி உயர்வதே எஞ்சின் கொதிப்பு ஆகும். செட்டிநாட்டுப் பக்கம் ஓட்டுநர்கள் இதை "வண்டி கொதிச்சிருச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் கொதிப்பு ஒரு நோய் அன்று. அது ஒரு அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதுபோல் கொதிப்புக்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் எது என்று கண்டறிவதற்கு முன்பே பணத்தைச் செலவழிப்பவர்களும், கண்டறியாமலே வண்டியை ஓட்டி எஞ்சினை இழப்பவர்களும் பலர்.

பழைய சொகுசு நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இந்தச் சிக்கல் அதிகம் பேசப்படுகிறது. அவற்றுள் முதன்மையானது ரேஞ்ச் ரோவர். அதன் எஞ்சினின் பிறப்பு வரலாற்றிலேயே கொதிப்பின் கதை இருக்கிறது. அந்த வரலாற்றையும், அது கற்றுத்தரும் காரணம் அறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நாச்சியாபுரத்தில் ஒரு நிகழ்வு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரான நாச்சியாபுரத்தில் ஒரு திருமணம். மதுரையிலிருந்து திருப்பத்தூர் வழியாக உறவினர் ஒருவர் தம் பழைய நான்கு சக்கர இயக்க வண்டியில் வந்துகொண்டிருந்தார். வழியில் வெப்பமானியின் முள் மேலே ஏறியது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. "சரியாயிருச்சு" என்று நிம்மதி அடைந்து மேலும் பத்து கிலோமீட்டர் ஓட்டினார். ஊர் எல்லைக்கு வந்ததும் எஞ்சின் நின்றது, பிறகு ஓடவில்லை.

பிரித்துப் பார்த்தபோது ஒரு ரப்பர் குழாயில் விரல் நீள விரிசல் இருந்தது. குழாயின் விலை சில நூறு ரூபாய். தண்ணீர் இல்லாமல் ஓடிய எஞ்சினைச் சரிசெய்ய ஆன செலவோ வண்டியின் விலையை நெருங்கியது. முள் ஏன் இறங்கியது என்ற கேள்விக்கான விடைதான் இக்கட்டுரையின் மையம். அதற்கு முன் சிறிது பழைய வரலாறு.

தண்ணீர் தேடிய முதல் பயணம்

எரிபொருள் எரியும்போது வெளிப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியுள்ள பங்கை எஞ்சினிலிருந்து எடுத்துச் சென்று காற்றில் விடவேண்டும். அதைச் செய்வதே குளிர்விப்பு அமைப்பு.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. உருளையைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியே வெப்பத்தை எடுத்துச் செல்லும். எனவே தண்ணீரை அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை அவ்வண்டியில் கடந்தார். வழியெங்கும் அவர் தண்ணீர் தேட வேண்டியிருந்தது. உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணமே தண்ணீர்க் கவலையோடு நடந்த பயணம்தான்.

இதற்கு நிலையான தீர்வு தந்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-இல் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டியில் அவர் தேன்கூட்டு வடிவ ரேடியேட்டரைப் பொருத்தினார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. தண்ணீர் அதே அளவில் சுற்றிச் சுற்றி வர, காற்று குழாய்களின் ஊடே புகுந்து வெப்பத்தை எடுத்துச் சென்றது. இன்றைய ரேடியேட்டரின் அடிப்படை இதுவே.

நம் பகுதியில் மோட்டார் போக்குவரத்து விரைவிலேயே வேரூன்றியது. செட்டிநாட்டை ஒட்டிய புதுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் பேருந்து விட்டார். 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டினார். வெயிலும் மேடுபள்ளச் சாலையும் எஞ்சினைச் சோதித்தன. என் இளமைக் காலத்தில்கூட பேருந்திலும் லாரியிலும் ஒரு தகர டின்னில் தண்ணீர் இருக்கும். ஊருணிக் கரையில் நிறுத்தி, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து ஊற்றுவார்கள். அன்று கொதிப்பைக் கண்டறியும் கருவிகள் ஓட்டுநரின் கண்ணும் மூக்கும்தான். ஆவி தெரிந்தால் நிறுத்துவார், ஆறினால் ஊற்றுவார். வார்ப்பிரும்பாலான அந்த எஞ்சின்கள் பலமுறை இதைப் பொறுத்துக்கொண்டன.

அமெரிக்காவில் கைவிடப்பட்ட எஞ்சின்

ரேஞ்ச் ரோவரின் எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது அன்று, அலுமினியத்தால் ஆனது. அது முதலில் ஆங்கிலேயருடையதும் அன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் பியூக் பிரிவின் 1961-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்காக 3.5 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு உருளை எஞ்சினை அலுமினியத்தில் வார்த்தது. எடை குறைவு என்பது அதன் பெருமை. ஆனால் 1963-உடன் அதைக் கைவிட்டது.

கைவிட்டதற்குச் செலவு ஒரு காரணம். வார்ப்புகளில் நுண்துளைகள் விழுந்து கசிந்ததால் பல கழிக்கப்பட்டன. மற்றொரு காரணமும் இருந்தது. அக்காலத்தில் சந்தையில் கிடைத்த உறைதடுப்புத் திரவங்களுள் சில அலுமினியத்துக்கு ஒவ்வாதவை. அவற்றை ஊற்றிய வண்டிகளில் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. அதாவது, இந்த எஞ்சினைத் தொடக்கத்திலேயே துன்புறுத்தியது அதன் இயந்திர அமைப்பு மட்டுமன்று. அதில் ஊற்றப்பட்ட திரவமும்தான். இதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்கா சென்றிருந்தபோது, படகு எஞ்சின்கள் தயாரிக்கும் மெர்குரி மரீன் நிறுவனத்தில் இந்த எஞ்சினைக் கண்டார். 1965-இல் அதைத் தயாரிக்கும் உரிமையை ரோவர் பெற்றது. பியூக்கில் அதை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஜோ டர்லே ஆலோசகராக இங்கிலாந்து வந்தார். ரோவர் வார்ப்பு முறையை மாற்றியது. இரும்பு உறைகளை வைத்து அவற்றைச் சுற்றி அலுமினியத்தை வார்ப்பது பழைய முறை. ரோவரோ மணல் அச்சில் அலுமினியக் கட்டையை வார்த்துவிட்டு, உருளைகளின் இரும்பு உறைகளைப் பின்னர் அழுத்திப் பொருத்தியது. 1967-இல் ரோவர் மகிழுந்தில் இந்த எஞ்சின் முதலில் வந்தது.

1970 ஜூனில் ரேஞ்ச் ரோவர் அறிமுகமானது. ஸ்பென் கிங் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. சேற்றிலும் மலையிலும் செல்லும் வலிமையும், மகிழுந்தின் சொகுசும் ஒரே வண்டியில் அமைந்தன. 1981-இல் நான்கு கதவு வடிவம் வந்தது. எஞ்சினின் கொள்ளளவும் படிப்படியாகப் பெருகியது: 3.5 லிட்டர் 3.9 ஆனது, 1994-இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டியில் 4.0, 4.6 லிட்டர் எஞ்சின்கள் இருந்தன.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலை இருந்தது. 3.5 லிட்டர் எஞ்சினில் உருளையின் விட்டம் 88.9 மில்லிமீட்டர். 3.9-இல் அது 94 மில்லிமீட்டர் ஆனது. எஞ்சின் கட்டையின் வெளி அளவு மாறவில்லை. எனவே உறைக்குப் பின்னால் இருந்த அலுமினியச் சுவர் மெலிந்தது. எஞ்சின் ஒருமுறை கடுமையாகக் கொதித்தால் அந்த மெல்லிய சுவரில் விரிசல் விழலாம்; அழுத்திப் பொருத்திய உறை தளரலாம்.

இதற்குப் பள்ளி இயற்பியலே விளக்கம் தரும். வெப்பத்தால் அலுமினியம் விரிவது வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் வெப்பம் எல்லை மீறினால் பிடி தளர்வது இயல்பு. இரும்பு எஞ்சின் பொறுத்துக்கொண்ட கொதிப்பை அலுமினிய எஞ்சின் பொறுக்காது.

காரைக்குடி சொல்லும் பாடம்: அரிமானம்

அலுமினியக் கட்டை, இரும்பு உறை, பழைய வண்டிகளில் செம்பும் பித்தளையும் கலந்த ரேடியேட்டர் என மூன்று வகை உலோகங்களும் ஒரே தண்ணீரில் நனைகின்றன. வெவ்வேறு உலோகங்களை உப்புக் கரைசலில் வைத்து இணைத்தால் என்ன ஆகும்? அது ஒரு மின்கலம் ஆகும். அதில் எளிதில் வினைபுரியும் உலோகம் கரையும். இங்குக் கரைவது அலுமினியம்.

இத்துறையை ஆராயும் நாட்டின் முதன்மை நிறுவனம் நாச்சியாபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடையாக அளிக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிமானம் அதன் முக்கிய ஆய்வுத் துறைகளுள் ஒன்று. பாலத்தின் கம்பியையும் கப்பலின் தகட்டையும் அரிக்கும் அதே வேதிவினைதான் ரேடியேட்டருக்குள்ளும் நடக்கிறது.

ஆகவே ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை நேராக ரேடியேட்டரில் ஊற்றுவது இரட்டைத் தீங்கு. அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு, குழாய்களில் படிந்து அவற்றை அடைக்கும். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதுவே. உப்பு அலுமினியத்தை அரிக்கும். கூலண்ட் என்னும் திரவத்தை வாலைவடிநீருடன் கலந்து ஊற்றச் சொல்வது உறைபனிக்காக மட்டும் அன்று. நமக்கு உறைபனி இல்லை. ஆனால் அதிலுள்ள அரிமானத் தடுப்பு வேதிப்பொருள்கள் வெப்ப நாட்டுக்கும் தேவை. அவை நாளடைவில் தீர்ந்துபோவதால்தான் கூலண்டைக் குறித்த காலத்தில் மாற்றுகிறோம்.

முள் சொல்லும் பொய்

எஞ்சின் வெப்பத்தை ஓட்டுநருக்குக் காட்டும் கருவி பரவலானது 1912-இல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டரால். அது ரேடியேட்டரின் மூடிமேல் நிற்கும் வெப்பமானி. தண்ணீருக்கு மேலுள்ள ஆவியின் வெப்பத்தை அது அளந்தது. பின்னர் வந்த கருவிகளில் உணரி எஞ்சினின் தண்ணீர்ப் பாதையில் மூழ்கியிருக்கும். முள் ஓட்டுநரின் முன் இருக்கும்.

வசதி கூடியது, ஒரு புதிய ஆபத்தும் வந்தது. உணரி அளப்பது தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரின் வெப்பத்தை. தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டால் உணரி வெற்றிடத்தில் நிற்கும். காற்று தண்ணீரைப்போல் வெப்பத்தைக் கடத்தாது. அப்போது எஞ்சின் எரிந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கும். நாச்சியாபுரத்துக்கு வந்த உறவினரின் வண்டியில் நடந்தது இதுதான். பிற்கால வண்டிகள் சிலவற்றில், சிறு ஏற்ற இறக்கங்கள் தெரியாதபடி முள்ளை நடுவிலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு. அங்கு முள் அசையும்போது காலம் கடந்திருக்கும்.

எனவே விதி இது: முள் ஏறினாலும் நிறுத்த வேண்டும், ஏறிய முள் காரணமின்றி விரைந்து இறங்கினாலும் நிறுத்த வேண்டும். இந்த வண்டியின் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் முதல் பழுது அன்று. அதற்குப் பிறகு ஓட்டிய கடைசிச் சில கிலோமீட்டர்களே.

காரணம் அறியும் முறை

செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்கிச் செலவு மிகுந்ததற்குச் செல்வதே முறை. எடுத்த எடுப்பில் ஹெட்டைக் கழற்றுவது முறையன்று.

1. எப்போது கொதிக்கிறது? நெரிசலில் மெதுவாகச் செல்லும்போது கொதித்து, வேகம் எடுத்ததும் தணிந்தால் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போதோ மேட்டில் ஏறும்போதோ கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். பழுது பார்த்துத் தண்ணீர் நிரப்பிய உடனே கொதித்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். இக்கேள்விக்குச் செலவே இல்லை.

2. தண்ணீரின் அளவு. எஞ்சின் முழுமையாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அளவு குறைந்திருந்தால் கசிவைத் தேட வேண்டும்: ரப்பர் குழாய்கள், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் ஓரங்கள், வண்டிக்குள் முன் இருக்கைக் காலடி விரிப்பின் ஈரம்.

3. மூடி. இது வெறும் மூடி அன்று, அழுத்தக் கட்டுப்பாடு. வளி அழுத்தத்துக்கு மேல் இன்னொரு வளி அழுத்த அளவு சேர்ந்தால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். பிரஷர் குக்கரின் தத்துவமே இது. மூடியின் ரப்பர் வளையம் கெட்டால் அழுத்தம் நிற்காது. நல்ல எஞ்சினும் கொதிக்கும். மலிவான உறுப்பு இது. முதலில் இதை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை.

4. விசிறி. இவ்வண்டிகளின் விசிறி சிலிகோன் எண்ணெய் நிரம்பிய இணைப்பின் வழியே சுழல்கிறது. சூடானால் அது இறுகிப் பிடித்து விசிறியை வேகமாகச் சுழற்றும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் தள்ளினால், தடையின்றிச் சுற்றக் கூடாது. சுற்றினால் இணைப்பு கெட்டுவிட்டது. ஓடும் விசிறியின் அருகே கையைக் கொண்டுபோகவே கூடாது.

5. தெர்மோஸ்டாட். 1930-களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய மெழுகு வகை வால்வே இன்றும் பயன்படுகிறது. மெழுகு உருகி விரிந்து வழி திறக்கும். வால்வைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றி, வெப்பமானியால் எந்தப் பாகையில் திறக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம்; அதன்மேல் பொறித்துள்ள பாகையோடு ஒப்பிட வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறியும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அது உண்மைக் காரணத்தை மறைக்கும். எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமல் ஓடினால் தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும்.

6. ரேடியேட்டர். எஞ்சின் சூடான பின் நிறுத்திவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் பரப்பை அளக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் அங்குத் தண்ணீர் ஓடவில்லை. வெளிப்புறத்தில் பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளிர்சாதனத்தின் கண்டென்சர் முன்னால் இருப்பதால் இரண்டுக்கும் இடையில் சேரும் குப்பை வெளியே தெரியாது.

7. எரிவாயுக் கசிவு. மேற்கண்டவை எல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகவோ விரிசல் வழியாகவோ உருளையின் வாயு தண்ணீரில் கலக்கலாம். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே குழாய்கள் கல்போல் இறுகுவது இதன் அடையாளம். உறுதிசெய்ய, தண்ணீர்த் தொட்டியிலிருந்து எழும் வாயுவைப் புரோமோதைமால் நீலம் கலந்த திரவத்தின் வழியே செலுத்துவார்கள். கரியமில வாயு இருந்தால் திரவம் அமிலத்தன்மை பெற்று நீலத்திலிருந்து மஞ்சளாகும். ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் உறிஞ்சுகுழாயில் ஊதிப் பார்க்கும் அதே வினை.

8. ஹெட்டும் கட்டையும். திரவம் மஞ்சளானால் மட்டுமே ஹெட்டைக் கழற்ற வேண்டும். அதைச் சமதள அளவுகோலால் சோதித்து, வளைந்திருந்தால் லேத்துப் பட்டறையில் முகம் சீவ வேண்டும். கட்டைக்கு அழுத்தச் சோதனை செய்து, உறைக்குப் பின்னால் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது இந்த எஞ்சினில் கட்டாயம். இதைத் தவிர்த்துவிட்டுப் புதிய கேஸ்கெட் மட்டும் போட்டால் பழுது திரும்ப வரும். விரிசல் இருந்தால், மேல்விளிம்பு கொண்ட தொப்பி வடிவ உறைகளைப் பொருத்துவது நிலையான தீர்வு. அந்த விளிம்பு உறை நழுவாமல் தடுக்கும்.

இன்றைய நிலை

2008-இல் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனத்தை ஃபோர்டிடமிருந்து 230 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2024 செப்டம்பர் 28 அன்று இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடாவின் வாகன ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த எஞ்சினைத் தாங்கிய வண்டியின் பெயர் இன்று தமிழ்நாட்டோடும் சேர்ந்திருக்கிறது.

பழைய எட்டு உருளை எஞ்சினின் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் அவ்வண்டிகளை வைத்திருப்போர் இருக்கிறார்கள். அவற்றைப் பழுது பார்க்கும் இளைஞர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வரலாறு சொல்வது இரண்டே செய்திகள். ஊற்றும் தண்ணீரே எஞ்சினின் ஆயுள். காரணம் தெரியும்வரை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதிருப்பதே மிகச் சிக்கனமான பழுதுபார்ப்பு. திருமண வீட்டுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தால், அந்த உறவினர் ஒரு ரப்பர் குழாயை மட்டும் வாங்கியிருப்பார்.